ஊசியில் நிற்கும் முதல் வரிசை

என் அக்காவைப் பற்றி நான் நேரில் கண்டதையும், கண்டவர் என்னிடம் உறுதிப்படுத்தியதையும் மட்டுமே இந்நினைவு மலரில் எழுதுகிறேன். அவர் மறைந்த நாள்முதல் உறவினரிடையே ஒரு செய்தி வாய்க்கு வாய் வளர்ந்து, அவருடைய மகளை அமைதியிழக்கச் செய்துள்ளது. அதில் நானும் ஒரு சொல் கூட்டலாகாது.

அக்கா வரிச்சிக்குடியில் பிறந்து, கோட்டுச்சேரியில் வாழ்க்கைப்பட்டார். இளமையிலேயே கணவரை இழந்தவர். தையல் தொழிலால் ஒரே மகளை வளர்த்துப் படிக்கவைத்தார். மகள் மணமாகிப் பிரான்சு சென்றபின், அந்நாட்டுக் குளிருக்கென்று கம்பளிப் பின்னல் கற்றார். யாரிடம் கற்றார் என்பதில் இரு கூற்றுகள் உள்ளமையால் அதனை விடுகிறேன்.

அவர் பின்னியவை இருமுகத் துணிகள். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முடிந்து, ஒன்றைக் கட்டைவிரலிலும் மற்றதைச் சுட்டுவிரலிலும் மாட்டி, ஒவ்வொரு கண்ணிக்கும், அதாவது நூல் வளையத்துக்கும், இடம் மாற்றி ஊசியில் ஏற்றுவார். நிறம் மாறி மாறி நிற்கும் அம்முதல் வரிசையிலிருந்து இருபுறமும் முகமாகவே துணி வளரும்.

“உள்பக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே முடிச்ச ஒளிச்சு வெக்கலாம்? இதுல அந்தப் பேச்சே இல்ல” என்று சிரிப்பார்.

பிறவாத குழந்தைக்கு எதையும் செய்துவைக்கலாகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஆயினும் என் பேரன் பிறக்குமுன் முதல் வரிசையை மட்டும் ஏற்றி நிறுத்தியிருந்தார். என் மனைவி கேலி செய்யாமல் விடவில்லை.

“என்னங்க அண்ணி, சட்டம் பேசுற நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க?”

“கண்ணிதான்டி போட்டிருக்கேன். ஒரு வரிசையெல்லாம் துணியாவாது, போடி!”

சென்ற ஆண்டு அக்கா திடீரென மாரடைப்பால் மறைந்தார். அவருடைய கூடையில் குழந்தைப் போர்வையின் அகலத்தில் ஒரு முதல் வரிசை ஊசியோடு இருந்தது. இறுதிச் சடங்கிற்கு வந்த மகள் அதைக் கண்டதும் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

“மாமா, நான் முழுகாம இருக்கேன். முன்ன கலைஞ்சு போனதால யாருகிட்டயும் சொல்லல. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சுதாம்மா போட்டிருக்காங்க” என்று என் மனைவி தேற்றினார். அச்சொல்லே, ‘கனவில் கண்டு தொடங்கினார்’ என்று பின்னர் வளர்ந்தது.

அந்நாளில் எதிர்வீட்டுப் பெண்ணும் கருவுற்றிருந்தாள். அவளுக்கும் ஒரு போர்வை பின்னித் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். இதனை அவளே என்னிடம் கூறினாள். மறைக்க மனமின்றி மகளிடம் சொன்னேன்.

“அப்ப எனக்கு இல்லியா மாமா?”

இப்போது அவளுக்கு மகன் பிறந்துவிட்டான். ஊசி அவளிடமே உள்ளது. வரிசையைத் தொடரவும் மனமில்லை, உருவவும் மனமில்லை என்கிறாள். ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைக்கும்போதும் அதே வினா.

அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அண்டை வீட்டாருக்கும், துக்க வீட்டாருக்காகத் தம் வீட்டில் உலை வைத்துப் பசியாற்றியவர்களுக்கும், அந்த ஊசியை ஒருமுறையும் கேளாத எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் நன்றி தெரிவிக்கிறது.

அவ்வரிசையை அக்கா யாருக்காக ஏற்றினார் என்பது தெரியவில்லை.