கண்டியில் என் கருமணியை அளந்த கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போனேன். தலதா மாளிகை பார்க்க அல்ல, வாவியைச் சுற்ற அல்ல. எனக்குப் பெண்கள் மேல் ஆசை வருமா வராதா என்று மெஷினில் பார்க்க! வராது, ஆண்கள் மேல்தான் வரும் என்று அம்மாவிடம் நானே சொல்லியாயிற்று. முப்பது வயதுக்காரன் வாயால் சொன்னதை நம்பாதவர், மெஷின் சொன்னால் நம்புவாராம் என் மாமா, அம்மாவின் தம்பி. சரி, இன்றோடு இதை முடித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

காலை ஆறரை பஸ். கம்பளை, பேராதனை வழியாகச் சுமார் நாற்பது கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். ஜன்னல் ஓரம் கிடைத்தால் பாதை முழுக்க நல்ல காட்சி. எங்கே, கூட வந்த மாமா அதைப் பிடித்துவிட்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். பெயர் எழுத மாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். தாடையை ஒரு கட்டையில் வைத்து ஆடாமல் உட்கார வேண்டும். திரையில் ஆண், பெண் படங்கள் வரும். பிடித்ததைப் பார்த்தால் கண்ணின் கருமணி தானாக விரியுமாம், நாம் நினைத்தாலும் அடக்க முடியாதாம். கமெரா அதை அளந்து கோடாகக் காட்டும். மாமா சும்மா இருப்பாரா? கல்யாணத் தரகர் எனக்கென்று கொடுத்த கம்பளைப் பெண்ணின் படத்தையும் அதில் போடச் சொன்னார்.

அந்தப் படத்துக்குத்தான் கோடு விர்ரென்று ஏறியது. மாமா உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டார். "அக்கா, பையனுக்கு ஒண்ணுமில்ல! பொண்ணப் பாத்ததும் கண்ணு விரியுது!"

நான் "ஆமா" என்று தலையாட்டினால் போதும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பெண்? படத்தை இன்னொரு தரம் போடச் சொன்னேன். மற்றப் படங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. இது மட்டும் கோயில் மண்டபத்தில், மங்கலான வெளிச்சத்தில் எடுத்தது.

"அண்ணே, இருட்டுக்கும் கண்ணு விரியும்தானே?"

மெஷின்காரர் யாழ்ப்பாணத்து ஆள். "ஓம். பயந்தாலும் விரியும்," என்றார் மெதுவாக.

மாமாவிடமிருந்து ஃபோனைப் பிடுங்கினேன். "அம்மா, படம் இருட்டு, அவ்வளவுதான். நான் அன்னைக்குச் சொன்னதுதான் நிசம். அந்தப் புள்ளைய ஏமாத்த மாட்டேன்."

அம்மா "படத்த நீயே கொண்டுபோய்க் குடு. பொண்ணுகிட்ட குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லிக் குடு," என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து படம் திரும்பி வந்தால் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர்.

"என்கிட்டயும் குறை இல்லம்மா."

அம்மா ஃபோனை வைத்துவிட்டார்.

இதே காரியத்துக்கு யாராவது கண்டிக்குக் கிளம்புகிறீர்களா? வேண்டாம். ஒரு ஆளின் ஆசையை இப்படி அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது, அவரைக் கேட்டாலே சொல்வார். அதையும் மீறி வந்துவிட்டால், ஆட்டோ பிடித்து ஹந்தானை மலைக்குப் போங்கள். காலையிலேயே போங்கள், பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். அங்கே கண் எவ்வளவு விரிந்தாலும் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

திரும்பும்போது நான் கம்பளையில் இறங்கினேன், மாமா இறங்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் படத்தைக் கொடுத்து, "உங்க மககிட்ட ஒரு குறையும் இல்லங்க, நான்தான் கல்யாணம் பண்ணப் போறதில்ல," என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கூப்பிட்டார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"உன்கிட்டயும் குறை இல்லப்பா. வீட்டுக்கு வா."