நெடுமங்காட்டில் திறக்காத கதவு

மோட்டார் சைக்கிளைக் கட்டுவதென்றால் நேசையனைக் கூப்பிடு என்பார்கள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன். கல்யாணராமன் ஐயரின் லாரி ஷெட்டில் பதினொரு வருஷமாகச் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தான். ரயிலில் வந்திறங்கும் மோட்டார் சைக்கிள்களை, நாலு பக்கமும் பலகையடித்த மூடுலாரிக்குள் ஏற்றிப் பொன்முடி மலையின் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு அனுப்புவது அந்த ஷெட்டுக்குப் பெருமையான வேலை.

முன்சக்கரத்தை மரக்கட்டைக்குள் சொருகி நிறுத்துவான். கைப்பிடியின் இருபுறமும் கயிறு போட்டு, ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை இழுத்துத் தரை வளையத்தில் முடிச்சுப் போடுவான். பெயின்ட் உரசாமல் சாக்குத்துண்டு வைப்பான். புதுக் கயிறு குலுக்கலில் நெகிழும். அதனால் வழியில் நெடுமங்காட்டில் லாரியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, எல்லா முடிச்சையும் இழுத்துப் பார்த்து இறுக்கியாக வேண்டும். மலைவளைவுகள் அதற்கு அப்புறம்தான்.

கொல்லம் ஆண்டு 1113-இல், வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த வாரம், இரண்டு மோட்டார் சைக்கிள்களோடு லாரி கிளம்பியது. ஓட்டியவர் தாணுலிங்கம். ஐம்பது தாண்டியவர், சுசீந்திரத்துக்காரர். நேசையனைத் தம்பி மாதிரி நடத்துவார். நெடுமங்காட்டில் நிறுத்தியபோது மழை கொட்டியது. நேசையன் டீக்கடைக்குள் ஓடினான். டீயைக் குடித்துவிட்டு நேராக முன்சீட்டில் வந்து ஏறினான்.

"கயிறெல்லாம் பாத்தியாடே?" என்றார் தாணுலிங்கம்.

"பாத்தாச்சு அண்ணாச்சி."

பதினொரு வருஷத்தில் ஒரு முடிச்சும் தன்னை ஏமாற்றியதில்லை என்ற நினைப்பு. ஒரு நாள் பார்க்காவிட்டால் என்ன?

ஆறாவது வளைவில் பின்னால் தடாரென்று சத்தம் கேட்டது. தாணுலிங்கம் லாரியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனார். நேசையன் முதலில் கதவைத் திறந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. டாங்க் நசுங்கி, விளக்கு சிதறியிருந்தது. அதன் கயிறு முடிச்சோடு தொளதொளவென்று தொங்கியது. அதைப் பார்த்தால் முடிச்சை இறுக்கவில்லை என்று யாருக்கும் புரிந்துவிடும். நேசையன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தான். கயிற்றை அறுத்தான். அறுத்த முனையைப் பிய்த்துச் சிலும்பாக்கிவிட்டு, "கயிறு அறுந்து போச்சு அண்ணாச்சி!" என்று கத்தினான்.

மறுநாள் ஷெட்டில் ஐயர் அந்தக் கயிற்றைக் கையில் தூக்கிப் பிடித்தார். "இத்தனை தடிமன் கயிறு அறுந்திருக்குன்னா வண்டியை எப்படி ஒடிச்சிருக்கணும்? ஓய் தாணுலிங்கம், உமக்குக் கண்ணு மங்கிப்போச்சு. வளைவு மூக்குக்கு நேரே வந்தப்புறம்தான் உமக்குத் தெரியறது."

தாணுலிங்கம் திரும்பி நேசையனைப் பார்த்தார். "நேசையா, நீ பக்கத்திலேதானே இருந்தே. நான் அப்படியா ஒடிச்சேன்?"

"மழை பெஞ்சுதுல்லா அண்ணாச்சி... எனக்குச் சரியா ஓர்மையில்லே."

அன்றே தாணுலிங்கத்தை நிறுத்திவிட்டார்கள். கண் தெரியாத டிரைவர் என்ற பேச்சு சாலைக்கடை பஜார் வரைக்கும் போயிற்று. வேறு யாரும் அவரைச் சேர்க்கவில்லை. நேசையன் ஞாயிறுதோறும் சபைக்குப் போனான்; பாவ அறிக்கை சொல்லும் நேரத்தில் மட்டும் வெளியே வந்து நின்றான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளினான். தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது கனத்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம் சாலைக்கடைத் தெருவில் தாணுலிங்கத்தைக் கண்டான். மூக்கில் தடித்த கண்ணாடி. சாக்கடை மேல் போட்டிருந்த கல்லைக் காலால் தடவித் தடவித் தாண்டினார். நேசையன் ஒரு துணிக்கடைக்குள் ஒளிந்துகொண்டான். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒரு துண்டை எடுத்து விலை கேட்டான்.

மறுநாள் காலை கரமனை ஆற்றங்கரையில் தாணுலிங்கத்தின் வாடகை வீட்டுக்குப் போனான். அவர் மனைவி சரசம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "ஷெட்டுக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல்லே, தம்பி. நீயாவது வந்தியே."

நேசையன் காப்பியை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"தெருவோரத்திலே வாங்கின கண்ணாடி," என்றார் தாணுலிங்கம். "போட்டா இன்னும் மங்கலாத்தான் இருக்கு. அப்போ கண்ணு அவ்வளவு போயிருக்கு, பாத்துக்க. அந்த வளைவைத் தினமும் மனசுக்குள்ளே ஓட்டிப் பாக்கேன் நேசையா. எங்கே தப்பு பண்ணினேன்னு பிடிபடல்லே."

"நீங்க தப்பு பண்ணல்லே அண்ணாச்சி." நேசையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நெடுமங்காட்டிலே நான் கதவே திறக்கல்லே. கட்டு நெகிழ்ந்து போச்சு. கயிறு தானா அறுந்ததில்லே. நான்தான் கத்தியால அறுத்தேன்."

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். வாசலுக்குப் போய் நின்றார். அக்கரையில் துணி துவைப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அதற்கும் அப்பால் ஒரு தென்னையில் ஏறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு தெரியும், சரசு," என்றார். நேசையன் பக்கம் திரும்பவே இல்லை.

சரசம்மாதான் கேட்டாள்: "இதைச் சொல்ல உனக்கு மூணு மாசம் வேணுமா?"

நேசையன் எழுந்து நேராக ஷெட்டுக்கு வந்தான். ஐயர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டிரைவர் தப்புன்னு எஸ்டேட்டுக்கு நான் எழுதியாச்சு. முடிஞ்சதைக் கிளறாதேடா. போய் வேலையைப் பாரு."

அந்த யோசனை ஒரு நிமிஷம் அவனுக்கு இதமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே அவனைக் கூசவைத்தது. வெளியே வந்து, சரக்கேற்றிக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவில் நின்று, கத்தியை எடுத்ததுவரை உரக்கச் சொன்னான். கையிலிருந்த மூட்டையைக் கீழே வைக்காமல் கேட்டார்கள். ஒருவன் காறித் துப்பினான்.

ஐயர் அவனை அப்போதே வெளியேற்றினார். நாலு நாள் கழித்து ஆளனுப்பித் தாணுலிங்கத்தை அழைத்தார். அவர் வந்து லாரியை எடுத்தார்.

நேசையனுக்கு ஒரு வருஷம் அலைந்தபின் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கூலி வேலை கிடைத்தது. ஒரு நாள், மூடுவேகனில் வந்த மோட்டார் சைக்கிளை எடுத்துப்போகத் தாணுலிங்கம் லாரியோடு வந்தார். அதை லாரிக்குள் ஏற்றிக் கட்டும் வேலை நேசையன் தலையில் விழுந்தது. கட்டி முடித்துக் கீழே இறங்கினான்.

தாணுலிங்கம் உள்ளே ஏறினார். அவன் போட்ட முடிச்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதலிலிருந்து தானே கட்டினார். நேசையன், அவர் கை நீட்டும்போதெல்லாம் சாக்குத்துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.