பிரட்டிப் படுக்க வைக்க வந்தவள்

என் கணவர் அருளப்புவின் முதுகிலிருந்து வந்த நாற்றத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு ஆண்டவரின் உதவியை மட்டும் இந்தக் கோவிலில் உங்கள் முன்னால் சொன்னால் அது பொய்ச்சாட்சி.

பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற பஞ்ச காலம் அது. மார்கழி மழை. துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும்போது வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஊரவர்கள் சேர்ந்து கட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் கிடத்தினோம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அசையக்கூடாது என்றார் டொக்டர்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நிர்வாக சபை இருந்தது. வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சேவை. வாசலில் ‘நோயாளியே எங்கள் தெய்வம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தெய்வங்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. கொழும்பிலிருந்து பெரிய மனிதர் யாராவது பார்க்க வந்தால் காலையில் புது விரிப்பு விரிப்பார்கள். அவருடைய கார் வாசல் படலையைத் தாண்டியதும் நோயாளிகளை உருட்டிவிட்டு விரிப்பை உருவிக்கொண்டு போவார்கள். மூன்றாம் கிழமை என் கணவரை அப்படி உருட்டியபோதுதான் முதுகிலிருந்த புண்ணைக் கண்டேன். உள்ளங்கை அகலம்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“விழுந்த காயம் அம்மா, அப்பிடித்தான் இருக்கும்.”

நான் மட்டும் என்ன யோக்கியம்? நிலாவெளிப் பாரை மீனைக் கொடுத்து வேலையாளைப் பிடித்து, ஜன்னலோரக் கட்டிலை அவருக்கு வாங்கினேன். அதில் கிடந்த மூதூர்க் கிழவரை நடையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோவிலுக்குப் போய், “ஆண்டவரே, கொழும்பிலிருந்து ஒரு பெரிய டொக்டரை அனுப்பும்” என்று முழங்காலில் நின்று அழுதேன். ஆண்டவருக்கே கட்டளை!

ஒன்பது நாள் அழுதேன். பத்தாம் நாள் மாற்றலாகி வந்தவள் வெருகல் பக்கத்து ஒரு தாதி. பெயர் செல்வமணி. குள்ளம். காலில் தேய்ந்த றப்பர் செருப்பு. இவளுக்காகவா இவ்வளவு அழுதேன் என்று ஆண்டவர் மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் போர்வையை விலக்கினாள். முகத்தைச் சுளிக்காமல் குனிந்து பார்த்தாள். டொக்டரும் சபைத் தலைவரும் வார்ட்டுக்குள் வந்ததும் நிமிர்ந்தாள்.

“ஐயா, இது விழுந்து வந்த புண் இல்லை. பிரட்டாமல் போட்டு வச்சதால வந்தது. எங்கட கையால வந்தது.”

“மிஸ், ஆக்களுக்கு முன்னால இந்தக் கதை வேண்டாம்,” என்று சீறினார் தலைவர்.

“புண்ணும் ஆக்களுக்கு முன்னாலதானே கிடக்குது, ஐயா.”

டொக்டரின் முகம் கறுத்தது. அவளை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். ஆனால் அவர் குனிந்தார். முதன்முறையாகக் குனிந்து புண்ணைப் பார்த்தார்.

“மிஸ் சொல்லுறது சரி,” என்றார்.

செல்வமணி என் பக்கம் திரும்பினாள்.

“செபம் முடிஞ்சுதோ அம்மா? முடிஞ்சால் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. நான் ஒருத்தியாப் பிரட்ட ஏலாது.”

வெட்கத்தில் கூசிப்போனேன். ஆனாலும் போனேன். இடுப்பு அசையாமல் உடம்பை ஒரு மரக்கட்டைபோலத் திருப்பக் கற்றுத் தந்தாள். கொதித்தாறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவினோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டினோம். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டு, பிரட்டிய நேரத்தை எழுத வைத்தாள். டொக்டர் தினமும் வந்து அந்தத் தாளை வாசித்தார். என் கணவரை வேறு கட்டிலுக்கு மாற்றிவிட்டு, மூதூர்க் கிழவரை நானே அவருடைய ஜன்னலோரக் கட்டிலுக்குத் தாங்கிக்கொண்டு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

உயிர்த்த ஞாயிறன்று என் கணவர் தடியூன்றிக் கோவிலுக்கு நடந்து வந்தார். ஆண்டவருக்குத் தோத்திரம்! ஆஸ்பத்திரி நிர்வாக சபையாரும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டு, பராமரிப்பின் தரத்தைத் தாங்களே உயர்த்தியதாக ஒருவர் கழுத்தில் ஒருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். செல்வமணியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் வார்ட்டில் கத்தரிக்கோல் அவித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் நானும் நோயாளிகளைப் பிரட்ட அங்கே போகிறேன். உங்களில் யாருக்காவது நெஞ்சு உடைந்திருந்தால் ஆண்டவரிடம் அழுங்கள். அவர் கேட்கிறார். யாரை அனுப்புவதென்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். இப்போது கடைசிக் கட்டிலில் உறவென்று ஒருவருமில்லாத ஒரு மீனவர் கிடக்கிறார். பாரமான மனிதர். பிரட்ட இரண்டு பேர் வேண்டும். வாருங்கள்.