குளிர்க் கரைக்கு ஒரு வழி டிக்கெட்

இன்று மன்னார் பட்டினத்தில் விமான டிக்கெட் போடும் கடைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நோர்வேயின் வடகரையில் இருக்கும் தங்கச்சி, தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கடையிலிருந்த பிள்ளை கணினியைத் திருப்பி அந்த இடத்தின் படத்தைக் காட்டினாள். கரும்பாறை, பனி, ஆளில்லாத கடல்.

"ஐயா, அங்க சரியான குளிர். கரையெல்லாம் பாறை. தாங்குவீங்களோ?"

அப்பா முள்ளிக்குளத்து மீனவர். சண்டை முடிந்து ஊர் திரும்பியும் எங்களுக்குக் கிடைத்தது காட்டோரக் கொட்டில்தான். கரை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. அங்கே கால் நனைக்கவும் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும்.

அவர் குளிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அங்க கரைக்குப் போறதெண்டா ஆரிட்ட, பிள்ளை, கேக்கோணும்?"

அவள் சிரித்தாள். "ஒருத்தரிட்டயும் இல்லை ஐயா. நினைச்ச நேரம் போய் நிக்கலாம்."

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் படத்தைக் கிட்டப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திரும்பி வாற ரிக்கெற்றை இப்ப போடவேண்டாமெண்டு சொல்லு."

நோர்வேயில் இருக்கும் உறவுகளே, அங்கே ஒரு கிழவருக்கு மீள்குடியேற்றம் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கோ. இங்கே அரசாங்கக் கணக்கில் எங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டதாம்.