ரெஸ்யூமேயில் இருந்த சலூன் நம்பர்

அக்கா வீட்டு ஹால் சோஃபாவில் ஏழு மாதமாகக் குடியிருந்தவனுக்கு அக்கா புருஷன் வைத்த பெயர் மேனேஜர். வேலை இல்லையே தவிர, காலை எட்டரைக்கெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். பனியனோடு பேசினால் குரலிலேயே தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி.

படிக்க வந்த நாட்டில் படிப்பு முடிந்துவிட்டது. கிடங்கில் எந்தச் சரக்கு எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று திட்டமிடும் படிப்பு. விசா முடிய ஐந்து மாதம் இருந்தது. அறுபத்தொரு கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்பியிருந்தான். "வருந்துகிறோம்" என்று சில மின்னஞ்சல்கள் வந்தன. போன் மட்டும் செத்த எலி மாதிரி கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா அந்த ரெஸ்யூமேயை எடுத்துப் பார்த்தாள்.

"இது யார் நம்பர்டா?"

"என் நம்பர்தான்."

"உன் நம்பர் ஒன்பதுல முடியும். இதுல ஆறு இருக்கு."

போட்டோ எடுக்க நான்கு நாளும், எழுத்து எந்த மாதிரி இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய ஒரு வாரமும் செலவழித்தவன் ரெஸ்யூமேயைப் பிடுங்கி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தான். அக்கா புருஷன் மரியாதைக்குச் சமையலறைக்குள் போய்ச் சிரித்தார். ஹால் வரை கேட்டது.

அந்த நம்பருக்கே கூப்பிட்டான். ட்ரிம்மர் சத்தத்துக்கு நடுவே "சலூன்" என்றது ஒரு குரல். உள்ளூர் மொழியில் தட்டுத்தடுமாறி விஷயத்தை விளக்கியவன், பாதியில் "அட கடவுளே" என்று தமிழில் முனகிவிட்டான்.

"நம்மாளா? அப்ப அந்த எம்.எஸ்சி. நீதானா? ஆறு மாசமா என் உசுரை வாங்குறாங்க தம்பி. நம்பர் தப்பு, நம்பர் தப்புன்னு சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களாண்ணே?"

"ஒரு அம்மாகிட்ட மட்டும் முடியல. பேச விட்டாத்தானே. உங்களை நாங்க ஏன் எடுக்கணும்னாங்க. வேண்டாம்னா விடுங்க, இங்க நாலு பேர் காத்துக்கிட்டிருக்காங்கன்னேன். அது பிடிச்சுப்போச்சு அவங்களுக்கு. புதன்கிழமை பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்க."

அது ஒரு குளிர்பதனக் கிடங்கு. மேல்மாடி அறையிலும் தரை சில்லிட்டது. கிடங்கை நடத்தும் அம்மா தடித்த கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நாலு கம்பெனி காத்திருக்குன்னீங்களே, இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் இதைவிடப் பெரிய புளுகெல்லாம் பழகிவைத்திருந்தான். ஆனால் வந்ததென்னவோ உண்மை.

"அது கம்பெனி இல்லீங்க மேடம். முடி வெட்ட வந்தவங்க."

முழுக் கதையையும் கேட்டு அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு கேட்டார்: "சொந்த நம்பரையே சரிபார்க்காதவர்கிட்ட எட்டாயிரம் பெட்டியை எப்படிங்க ஒப்படைக்கிறது?"

இத்தனை மாதத்தில் அவனைப் பற்றியே கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. "நியாயம்தான்" என்று எழுந்தான்.

"அந்த சலூன்காரர் நம்பர் கொடுங்க. லாரிக்காரங்களைச் சமாளிக்க அப்படி ஒரு வாய் வேணும்."

"உங்க கையில இருக்கிற ரெஸ்யூமேலதான் இருக்கு, மேடம்."

சலூன்காரர் போகவில்லை. குளிரில் கை விறைத்துப்போகும் என்று சொல்லிவிட்டார். தன்னைத் தேடி வேலை வந்த பெருமையை மட்டும், நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும் சொல்லித் தீர்த்தார்.

மேனேஜர் ஆறை ஒன்பதாக்கி, மீதி அறுபது கம்பெனிக்கும் மறுபடி அனுப்பினான். ஐந்தாவது வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பேச்சு பதினோரு நிமிடம். ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது சேருவாய் என்றார்கள். "நாளைக்கே" என்றான். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று பார்ப்பது வேலை.

முதல் நாளே நோயாளிகளின் உடுப்புகள் சமையல்கூடத்துக்கும், சமையல்காரர்களின் ஏப்ரன்கள் நான்காவது மாடி வார்டுக்கும் போய்ச்சேர்ந்தன. தலைமை நர்ஸ் கீழே இறங்கி வந்து வறுத்தெடுத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இரண்டு வண்டிகளையும் அவனே தள்ளிக்கொண்டு போய் மாற்றிக் கொடுத்தான். மாலையில் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வியர்வை வரும். ஆனாலும் மறுநாள் வரச் சொன்னார்கள்.