ஸ்கேன் நன்றாக வரக் கூடாது என்று ஜெபித்தேன்

போன ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என் கணவர் டேனியலுக்கு மாரடைப்பு வந்தது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அடைப்பை எடுத்தார்கள், உயிர் தப்பியது. ஆனால் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது போலத் தெரிகிறது, அது திரும்ப வளராது என்றார்கள். வீட்டுக்கு வந்தவருக்குச் சட்டை மாற்றினாலே மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே என் தூக்கம் போனது. ஆண்டவர் எங்களைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். இதயத்துக்குள் ஸ்டெம் செல்லைச் செலுத்தி, பழுதான தசை தேறுமா என்று பார்க்கிறார்களாம்.

“பலன் நிச்சயம் இல்ல ஆன்டி. ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கறவங்களத்தான் எடுப்பாங்க. அடுத்த ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்.”

எனக்கு வேறு நம்பிக்கை இல்லை. கிள்ளானில் எங்கள் ஜெபக் குழுவில் முழங்கால் போட்டு, “ஆண்டவரே, ஸ்கேன் வரைக்கும் அவர் ஹார்ட் வீக்காவே இருக்கட்டும்” என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் இருந்த மேரி அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்னம்மா இது, புருஷனுக்கு யாராச்சும் இப்படி ஜெபிப்பாங்களா?”

“செலக்ட் ஆகணும்லா அக்கா. வேற வழி இல்ல.”

அவரும் அழுதுகொண்டே ஆமென் சொன்னார். எல்லாரும் உபவாசம் இருந்தோம்.

ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர், “இவர சேர்க்க முடியாது ஆன்டி” என்றார். மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன். இதைக்கூடவா தரமாட்டீர் என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். உள்ளே இருக்கிற மனிதரிடம் என்ன சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போவது?

டாக்டர் பின்னாலேயே வந்து என் பக்கத்தில் குனிந்தார்.

“நான் சொல்லி முடிக்கல. இவர் ஹார்ட் இப்ப நல்லாவே பம்ப் பண்ணுது. செத்துடுச்சுன்னு நெனச்ச தசையில பாதி மயங்கித்தான் கெடந்திருக்கு. மருந்துல முழிச்சிருக்கு. இவ்வளவு பலம் உள்ளவங்கள அந்த ஆராய்ச்சிக்கு எடுக்க மாட்டாங்க ஆன்டி.”

எனக்குப் புரியவே நேரமானது. நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

செத்த பகுதி செத்ததுதான். மருந்து ஆயுசுக்கும் உண்டு, லோரி ஓட்டுவதை விட்டாயிற்று. ஆனால் அவர் கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். ஸ்டெம் செல்லால் நாளை யாருக்காவது உயிர் கிடைத்தால், அதற்கும் ஆண்டவரைத் துதிப்பேன்.

கேட்டது கிடைக்காமல் அழுகிறவர்களே, அவரோடு சண்டை போடுங்கள், ஆனால் விட்டுப் போய்விடாதீர்கள். இப்போதெல்லாம் நான் அவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதில்லை. என் கணவரின் பெயரைச் சொல்லி, பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்கிறேன்.