தாடிக்குள் ஒரு வழுக்கை

என் மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே, பிள்ளை பிறக்கும்வரை முகத்தில் கத்தி படக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். நானும் தாடி வளர்த்தேன். இல்லை, அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன். திருபுவனையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஷிப்டு முடிந்ததும் கிரீஸ் போகக் குழாயடியில் கிடக்கும் துணி சோப்பைத்தான் கையில் போடுவோம். தாடிக்கும் அதையே தேய்த்துவிட்டு, ஈரத்தோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வில்லியனூர் வீட்டுக்கு வந்துவிடுவேன். அரிக்கும். சொறிந்தால் சட்டையில் மாவு மாதிரி உதிரும். தாடி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறி வாங்கக் கிளம்பும்போது தாடையைச் சொறிந்தேன். விரலிடுக்கில் முடி கொத்தாக வந்தது. கண்ணாடியில் பார்த்தால், இடது தாடையில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு முடிகூட இல்லை. வழவழவென்று இருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இன்னாங்க இது! எத்தினி நாளா இருக்குது?" என்று ஓடிவந்த மனைவி, கிட்டே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். முடி போனதைவிட அதுதான் என்னை உலுக்கியது.

மறுநாள் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் வாயைத் திறக்குமுன், "கொழந்தைக்கு ஒட்டுமா டாக்டர்?" என்றாள்.

"ஒட்டாதும்மா. இது புழுவெட்டு. பேருலதான் புழு. பெரும்பாலும் தானா மொளைச்சிடும்." தாடியை விலக்கி மற்ற இடங்களைப் பார்த்தவர் திகைத்துப்போனார். "தோலெல்லாம் வெந்து கெடக்குதே! இன்னா போட்டுக் கழுவறீங்க?"

சொன்னேன்.

"துணி சோப்பா?" டாக்டரும் மனைவியும் ஒன்றாகக் கத்தினார்கள். புழுவெட்டுக்கு சோப்பு காரணமில்லை, அரிப்புக்கும் செதிலுக்கும் அதுதான் காரணம் என்றார் டாக்டர்.

அதன்பின் என் தாடி மனைவியின் பொறுப்பு ஆனது.

"கண்டிஷனரா? அது பொம்பளைங்க போடறதுடி."

"முடிக்கு இன்னா ஆம்பள பொம்பள? மூஞ்சியக் காட்டுங்க."

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கொஞ்சம் ஷாம்பூவை நுரைத்து, நகம் படாமல் தோல்வரை தேய்ப்பாள். அலசியபின் முடியில் கண்டிஷனர் தடவிச் சற்று ஊறவிட்டு, மறுபடி அலசுவாள். துண்டால் ஒற்றி, துளி தேங்காய் எண்ணெய். அரிப்பு மெல்ல அடங்கியது. தென்னந்துடைப்பமாக இருந்த முடி படிந்துவந்தது.

நிறைமாதத்தில் ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தவள், "ஐயோ!" என்று அலறினாள். கண்ணில் நுரையோடு துள்ளி எழுந்தேன். "வலி வந்துடுச்சா? ஆட்டோ கூப்டவா?"

"வலி இல்லங்க. முடி! முடி மொளைச்சிருக்குது!" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வெள்ளையா இருக்குது."

கண்ணாடியில் பார்த்தேன். முப்பதுகூட ஆகாத முகத்தில் கிழவனின் முடி. முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு கறுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது.

மகள் பிறந்ததும், "இனிமே எடுத்துடுடா" என்றார் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. வெள்ளையில் பாதி கறுத்திருக்கிறது. கண்டிஷனர் பாட்டிலை இப்போது நானே வாங்கி வருகிறேன்.